பேராதனையிலிருந்து பதுளை வரை: பெயர் கேட்காமல் விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில், பேராதனையிலிருந்து பதுளை வரை மூன்று நாட்களாகச் சைக்கிளில் சென்ற நால்வரின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். நால்வரில் மூவர் ஆசிரியர்கள். நான்காமவன் என் அக்காவின் மகன். வழியில் எங்களுக்கு உதவியவர்களில் ஒருவரது பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. மழையையும் மூச்சிரைப்பையும் காரணம் காட்டலாம். ஆனால் கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை. ஆகவே இன்ன இடத்தில் இன்ன உதவி செய்தவர் என்று சொல்லித்தான் ஒவ்வொருவரையும் விளிக்க வேண்டியிருக்கிறது. படிப்பவர்கள் யாரையேனும் அடையாளம் கண்டுகொண்டால் விஷயத்தை அவர்கள் காதில் போட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் காலையில் நேராகக் கம்பளை வீதியைப் பிடிக்காமல், உடுநுவரைக் கிராமங்களுக்குள் புகுந்து, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க ஆகிய மூன்று கோயில்களையும் பார்த்துவிட்டுக் கெலிஓயாவில் பிரதான வீதிக்கு வருவதாகத் திட்டமிட்டிருந்தோம். வயல்களுக்கு நடுவே ஏறி இறங்கும் அந்த ஒடுங்கிய பாதைகள் சைக்கிளுக்கென்றே போட்டவை போலிருந்தன. முதல் இரண்டு விகாரைகளும் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டியவர் கணேசுவராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி என்பது வரலாறு படித்த எங்களுக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று. லங்காதிலகவின் பாறைப்படிகளின் கீழே எங்கள் நான்கு சைக்கிள்களையும் தம் கடை ஓரத்தில் சாய்த்து வைத்துக் காவல் இருந்த முதியவர், நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டு, "மேலே பாறையில் உங்கள் எழுத்தும் இருக்கிறது, பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்" என்று சிங்களத்தில் சொல்லியனுப்பினார். சிங்களத்திலும் தமிழிலும் அங்கே கல்வெட்டு உண்டு. பத்தாம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கும் நான் அதை அறிந்தது ஒரு கடைக்காரர் சொல்லித்தான். ஐயா, உங்களுக்கு என் முதல் நன்றி.

கம்பளையைத் தாண்டினால் ஏற்றம். பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. இடையிலுள்ள உயரம் முழுவதையும் காலால் மிதித்துத்தான் கடக்க வேண்டும். முன்பல்சக்கரத்தில் சிறியதையும் பின்பல்சக்கரத்தில் பெரியதையும் போட்டு, இருக்கையை விட்டு எழும்பாமல், பேசக்கூடிய வேகத்திலேயே மிதிக்க வேண்டும் என்று மருமகன் முன்பே எச்சரித்திருந்தான். புசல்லாவையில் இரவு தங்கினோம். முதலில் கேட்ட விடுதியில், சைக்கிள்களை உள்ளே ஏற்றினால் தரை அழுக்காகும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் தம் முன்னறையையே காலி செய்து கொடுத்தார். அவருக்கும் நன்றி.

இரண்டாம் நாள் இறம்பொடையில் நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை. அங்குள்ள சுரங்கப்பாதை 225 மீற்றர் நீளமானது. வெயிலிலிருந்து நுழைந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் புலப்படவில்லை. என் பின்விளக்கு அன்று காலையிலேயே அணைந்துவிட்டிருந்தது. ஏற்றத்தில் நாங்கள் போகும் வேகத்துக்கு அதைக் கடக்க இரண்டு நிமிடமாவது ஆகும். பின்னால் ஒரு பஸ் வரும் இரைச்சல் கேட்டது. மலைநாட்டு பஸ்களின் ஹோன் சத்தம் தெரிந்தவர்களுக்கு என் நிலை விளங்கும். அந்தச் சாரதி ஹோனைத் தொடவேயில்லை. முகப்பு விளக்கை எரியவிட்டு, எங்கள் நடைவேகத்துக்கு இறங்கி, கடைசிவரை பின்னாலேயே வந்தார். எங்கள் நான்கு நிழல்களும் சுவரில் நீண்டு எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரேயொரு முறை மெல்ல ஒலித்துவிட்டு முந்திச் சென்றார். மிதிபலகையில் நின்ற நடத்துநர் கையசைத்தார். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு முற்பகல் பத்தரை மணியளவில் இறம்பொடையைக் கடந்த அந்த பஸ்ஸின் சாரதிக்கும், இரண்டு நிமிடம் பொறுத்துக்கொண்ட பயணிகள் அனைவருக்கும் எங்கள் வணக்கம்.

லபுக்கலையை நெருங்கியபோது, ஏப்ரல் மாதத்து வழக்கப்படி, பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. மழையென்றால் இடியோடு கூடியது. வீதியின் வளைவுகளில் சேற்றுநீர் குறுக்கே ஓடியது. ஒதுங்க இடம் தேடி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றின் தாழ்வாரத்தில் ஏறினோம். அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்த அம்மா ஒருவர், இடுப்பில் கட்டியிருந்த படங்கைக்கூட அவிழ்க்காமல், முதலில் எங்களை உள்ளே அழைத்தார். அடுப்பு மூட்டி, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயைக் கொடுத்து, உள்ளங்கையில் ஆளுக்கொரு துண்டு கித்துள் கருப்பட்டி வைத்தார். உலகமெங்கும் போகும் தேயிலையைப் பறிக்கும் வீட்டில் இருந்தது மலிவான தூள்தேயிலை என்பதை அக்கணத்தில் கவனிக்காமலிருக்க முடியவில்லை. அதன் ருசியில் குறையொன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பல் கிட்டியது. அதைப் பார்த்தவர், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம் மகனின் சாம்பல் நிறச் சுவெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, "போட்டுக்கிட்டு போங்க சார், நுவரெலியா போறதுக்குள்ள வெறச்சிப் போயிருவீங்க" என்றார். எப்படித் திருப்பித் தருவது என்று கேட்டதற்கு, "அத பொறகு பாத்துக்கலாம்" என்றார். மழை விட்டதும் பிள்ளைகள் நாலைந்து பேர் அடுத்த வளைவு வரை எங்கள் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் நன்றி, தள்ளியதைவிடச் சிரித்ததே அதிகம்.

மூன்றாம் நாள் நடந்தது முழுக்க என் பிழை. காற்றுப் பம்பை நுவரெலியாவில் தங்கிய அறையின் ஜன்னலோரத்தில் மறந்து வந்தேன். அது போதாதென்று, சீதை அம்மன் கோயிலையும் ஹக்கலைப் பூங்காவையும் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும் நெடுஞ்சரிவில், பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். பிரேக் கட்டை உரச உரசச் சக்கர விளிம்பு சூடேறும். சூட்டில் டியூபுக்குள் காற்றழுத்தம் கூடும். பின்டயர் பட்டாசு போல வெடித்தது. மாற்று டியூப் கையில் இருந்தது, காற்றடிக்க வழியில்லை. தம்புள்ளையில் மரக்கறி இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளுடன் வெலிமடைக்குத் திரும்பிக்கொண்டிருந்த லொறிக்காரர் நிறுத்தி, என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக அவர் தந்த பாடம் இதுதான்: "பிரேக்க புடிச்சிக்கிட்டே எறங்குனா லொறியே நிக்காது சார். விட்டு விட்டுப் புடிக்கணும்."

வெலிமடையில் அவர் இறக்கிவிட்ட டயர் கடையில் இன்னொரு சிக்கல். எங்கள் சைக்கிள்களுக்குள்ள வால்வு மெல்லியது. கடையின் கம்பிரசர் வாயோ மோட்டார்சைக்கிள் வால்வுக்கானது, பொருந்தாது. அங்கு வேலை செய்த இளைஞர் வால்வின் பிளாஸ்டிக் மூடியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு பிளேடால் அதன் நுனியைச் சீவி, தலைகீழாகத் திருப்பி வால்வின்மேல் முறுக்கினார். கம்பிரசர் வாய் அதன்மேல் சரியாக உட்கார்ந்தது. அதற்கு முன் அப்படிப்பட்ட வால்வை அவர் பார்த்ததே இல்லையாம். காசு கொடுத்தபோது, "காத்துக்கு என்னத்த வாங்க?" என்று கையை உதறிவிட்டார். நுனி சீவிய அந்த மூடி இன்றும் என் பேனா டப்பாவில் கிடக்கிறது.

இத்தனை தாமதத்தில் ஹாலி-எலவை அடைந்தபோது இருட்டிவிட்டதால், போகொடவில் கூரையிட்ட பழைய மரப்பாலத்தைப் பார்க்கும் ஆசை அடுத்த முறைக்குப் போனது. பதுளையில் எங்களை வரவேற்ற நண்பர்களுக்கும், மூன்று நாட்களும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த எங்கள் வீட்டாருக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம்.

மீதமிருப்பது அந்தச் சுவெட்டர். துவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். லபுக்கலையில் வீதியோரத்துக் கோயிலுக்கு மேலேயுள்ள லயம், கடைசிக் காம்பரா, வாசலில் நீலப் பீப்பாய்: இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த அடையாளம். அந்த அம்மாவை அறிந்தவர்கள், ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் வருவதாக அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். தீபாவளிக்கு வரும் மகன் பெட்டியைத் திறக்கும்போது அது உள்ளே இருக்கும்.

இங்ஙனம்,
நால்வரின் சார்பில்,
மாத்தளையிலிருந்து ஓர் ஆசிரியர்