ஐந்து பாலம் தாண்டி வந்த பை

திருவையாற்றுச் சொந்தங்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

அப்பா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். இந்த மூன்று வாரம் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் எழுதியே ஆக வேண்டும். எங்கள் பால்கார அண்ணன்.

சிறுநீரகம் வேலை செய்யாத அப்பாவுக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துவந்தோம். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, பிறகு கழிவோடு சேர்த்து ஒரு பையில் இறக்க வேண்டும். அன்று விடியற்காலை அப்பா வயிற்றிலிருந்து பையில் இறங்கிய தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது. பையைச் செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும். அன்று கொட்டை எழுத்துகூடத் தெரியவில்லை. "கலங்கினா பையோட வாங்க" என்று நர்ஸ் அக்கா பயிற்சியிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்படியும் பதற்றத்தில் பையைத் திண்ணையில் விட்டுவிட்டு அப்பாவோடு காரில் ஏறிவிட்டேன். தஞ்சாவூரில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பை எங்கம்மா?"

வீட்டில் அம்மா தனியாக. வெளியே ஐப்பசி அடைமழை. நான் போனில் அழுதபோது அண்ணன் வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாராம். இன்னும் பாதித் தெரு பாக்கி. கேனை அப்படியே எங்கள் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, பையைப் பாலிதீனில் சுற்றி, பால் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலத்தையும் அந்த மழையில் டிவிஎஸ் 50-இல் தாண்டி வந்தார். மழைக்கோட்டு பெட்டிமேல் கிடந்தது. அவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

இன்னொருவர் வயிற்றிலிருந்து வந்த தண்ணீர் அது. சொந்தக்காரர்களே தொடத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்தார். "பால் திரிஞ்சா பாத்திரத்தோடதானே தங்கச்சி காட்டணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தப் பைத் தண்ணீரில்தான் அன்று மாலையே மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை தெரிந்தது. அது கேண்டிடா என்ற வகைப் பூஞ்சை என்று பிறகு கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், உறுதியானது. பாக்டீரியாவாக இருந்தால் பெரும்பாலும் மருந்திலேயே சரிசெய்யப் பார்ப்பார்களாம். பூஞ்சை குழாயிலேயே படலமாக ஒட்டிக்கொள்ளும். குழாயை எடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் போகாது, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் விளக்கினார். மறுநாள் காலையிலேயே குழாயை எடுத்துவிட்டார்கள். அதன்பின் இரண்டு வாரத்துக்கு மேல் பூஞ்சை மருந்து. குழாய் போய்விட்டதால் இனி வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரியில் மெஷின் வழியாக ரத்த டயாலிசிஸ்.

அன்று மிச்ச வீடுகளுக்குப் பால் மத்தியானம்தான் போனதாம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்று அம்மா சொன்னார். அந்த வீடுகளுக்கும் என் நன்றி. நாற்றங்காலைப் பார்த்துக்கொண்ட சித்தப்பா, காப்பீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற தம்பிகள், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அக்கா, ராத்திரி முழுக்க அப்பா கையைப் பிடித்திருந்த வார்டு நர்ஸ், எல்லோரையும் கும்பிடுகிறேன்.

ஒன்று மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சில வாரம் முன்புதான் கால் புண்ணுக்காக அப்பா ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார். அந்த மருந்து நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்வதால் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினால், பூஞ்சை வராமல் தடுக்கும் மருந்தும் சேர்த்து வேண்டுமா என்று சிறுநீரக டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இனி டயாலிசிஸ் வார்டில் பக்கத்தில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லப்போகிறேன்.

பெட்ரோலுக்குக்கூட அண்ணன் காசு வாங்கவில்லை. நாளைக் காலை அவர் வரும் நேரத்துக்குத் தன்னைத் திண்ணையில் உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா.