ரெசினை இரண்டு தரம் கழிக்காதே

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடக் கதிரை, மேசை ஓடர் உனக்கே வந்ததில் பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு ஓ.எல். சோதனை, அதனால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு.

சாமான் கணக்கு எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தாய். படகு கட்டும் எங்கள் யாட்டை வைத்தே சொல்கிறேன். இலக்கங்கள் விளங்குவதற்காகப் போட்டவைதான்.

18 அடிப் படகு பத்துக்கு ஓடர் என்று வை. ஒரு படகுக்கு ஹல், அதுதான் படகின் உடல், ஒன்று, குறுக்குப் பலகை மூன்று. பட்டியலில் இவை இரண்டுக்கும் கீழ்ப்படியில் ரெசின் என்ற பிசின், ஃபைபர் மாட் என்ற கண்ணாடிநார் விரிப்பு, ரெசினை இறுக வைக்கும் ஹாட்னர். மேல்படியை முடிக்காமல் கீழ்ப்படிக்கு இறங்காதே. பலகை 30 வேண்டும், ஸ்டோரில் 6 செய்து கிடக்கிறது. அப்படியென்றால் 24க்கு மட்டுந்தான் ரெசின். பலகைக்கு 5 கிலோப்படி 120 கிலோ. ஹல்லுக்கு 60 கிலோப்படி 600.

ஆட்கள் சறுக்குவது இங்கேதான். கையிருப்பு ரெசின் 200 கிலோ. ஹல் கணக்கில் அதைக் கழித்து 400 வாங்கு என்று எழுதுவார்கள். பிறகு பலகைக்கு 120தானே, ஸ்டோரில் 200 இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். அந்த 200ஐ ஹல் ஏற்கெனவே விழுங்கியாயிற்று! எந்தெந்தப் பாகத்துக்குள் ரெசின் வந்தாலும் எல்லாவற்றையும் கூட்டி, 720இலிருந்து ஒரே தரம் கழி. வாங்க வேண்டியது 520.

ஹாட்னரை ரெசினுக்குக் கீழே எழுதினால் இன்னொரு வில்லங்கம். நூற்றுக்கு ஒன்றரை வீதம் என்றால், வாங்கும் 520க்கு 7.8 கிலோதான் வரும். ஊற்றப்போவதோ 720, அதற்கு 10.8 கிலோ வேண்டும். ஆகவே ஹாட்னரை ஹல்லுக்கும் பலகைக்கும் கீழேயே எழுது.

இப்படி மேலிருந்து கீழே சாமான் கணக்குப் போடும் முறையை 1960களில் வளர்த்த அமெரிக்கர் ஜோசப் ஓர்லிக்கி சொன்னதும் எனக்குப் பிடிக்கும்: எத்தனை படகு விற்கும் என்பதைத்தான் ஊகிக்க வேண்டும், உள்ளே போகும் சாமானுக்கு ஊகம் எதற்கு, கணக்கே போடலாம். எங்கள் முதலாளிக்கு மட்டும் இன்னும் ஊகத்தில்தான் நம்பிக்கை.

அடுத்தது நாள் கணக்கு. வாடை ஓய்ந்து கடல் படியும்போது படகு கையில் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணு: பூச்சு வேலை, ஹல் மோல்ட்டில் (அச்சில்) கிடக்கும் நாட்கள், கொழும்பிலிருந்து லொறி வரும் நாட்கள். முன்கூட்டியே வாங்கிக் குவிக்கவும் ஏலாது. இந்த வெயிலில் ரெசின் பீப்பாவுக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும்.

உனக்கு அந்தத் தொல்லை வார்னிஷோடு போய்விடும். ஆனால் கதிரைக்கும் மேசைக்கும் ஒரே ஸ்குரூ ஆணிதானே? அதை மறக்காமல் கூட்டு. பலகை அறுக்கும்போது வீணாகும் துண்டுகளுக்கும் கொஞ்சம் சேர். ஒரு மேசையைக் கழற்றிப் பாகம் பாகமாக எழுதி அனுப்பு, பார்த்துத் திருத்தி விடுகிறேன். கூலியாக மட்டக்களப்புத் தயிர் இரண்டு சட்டி போதும்.

அன்புடன்,
உன் மச்சான்