முதலில் வயரைப் பார், பாப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலமாயிருக்க திருச்செந்தூர் முருகன் துணை இருப்பான்.

வண்டியில் முகாம் போகும்போது எடுத்துப்போக எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று ஃபிரிட்ஜ் படங்களையும் பார்த்தேன். வாட்ஸப்பிலேயே பதில் போடலாம் என்று ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஃபிரிட்ஜும் ஏசியும் கழற்றி மாட்டியவனுக்கு இதை இரண்டு வரியில் சொல்ல வரவில்லை. அதுவும் ஜூலையில் அம்மாவும் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள கிம்பர்லிக்கு வருகிறாள் என்று ஆனபிறகு, ஏதோ ஒன்றை வாங்கு என்று சொல்ல மனசு ஒப்பவில்லை. அவளுடைய இன்சுலின் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கப்போகிறது.

போன தடவை கரிஜினி தேசியப் பூங்காவில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பெர்த்திலிருந்து 1,400 கிலோமீட்டர். எஸ்கி என்று நீங்கள் சொல்கிற ஐஸ்பெட்டியில் இரண்டு மூட்டை ஐஸ் போட்டுக்கொண்டு கிளம்பினோம். டேல்ஸ் கார்ஜ் முகாமில் காலையில் மூடியைத் திறந்தால் கொத்தமல்லிக் கட்டு மிதக்கிறது. கறிப் பொட்டலம் ஒரு ஓரம் பிரிந்து, தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பு. அந்தத் தண்ணீர் மாவுத் தூக்குக்குள்ளும் போயிருந்தது. நீ ஒரு வார்த்தை பேசாமல் தூக்கை எடுத்துப்போய், மாவைப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாய். ராத்திரி கண்விழித்து அரைத்த மாவு. எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது.

ஐஸைக் குறை சொல்ல மாட்டேன். நம் துறைமுகத்து ஐஸ் பிளான்ட்டில் அமோனியா கம்ப்ரஸர் பழுது பார்த்துத்தான் நான் தொழிலே பழகினேன். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் கேட்காது, பழுதாகாது. ஆனால் மீன்பெட்டியில் ஐஸ் போடுகிறவர்கள் உருகிய தண்ணீர் வடிய வழி விட்டுத்தான் போடுவார்கள். தண்ணீர் தேங்கினால் மீன் கெட்டுவிடும். உங்கள் பெட்டியில் அந்தத் தண்ணீர் அப்படியே நின்றது. நீங்கள் கிம்பர்லியில் போகப்போகிற கிப் ரிவர் ரோடு 660 கிலோமீட்டர், பெரும்பகுதி மண்பாதை. தினம் ஒரு மூட்டை ஐஸ் வாங்கிப் போட அங்கே வழியில்லை. ஆகவே ஃபிரிட்ஜ் வேண்டும் என்று நீ எடுத்த முடிவு சரி.

முதல் படத்தில் உள்ளதை உடனே ஒதுக்கிவிடு. விலை குறைவு, எடை குறைவு, சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சத்தம் இல்லாததற்குக் காரணம், அதில் கம்ப்ரஸர் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிரும் ஆகிற பெல்டியர் தகடுதான் உள்ளே. வெளியில் இருக்கிற சூட்டிலிருந்து ஒரு 20 டிகிரி குறைக்கும், அதற்கு மேல் அதனால் முடியாது. மூடிய வண்டிக்குள் 45 டிகிரி என்றால் பெட்டிக்குள் 25. பால் திரிந்துபோகும். அந்த வேலைக்கும் நாள் முழுக்க பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது படம், கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற த்ரீ-வே. இது எனக்குப் பிடித்த இயந்திரம். 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்று இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்தது. தீயை மூட்டிக் குளிரை எடுக்கிற வித்தை. அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்க்குள் சுற்றும், அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதைச் சமமான தரையில்தான் வைக்க வேண்டும். சாய்ந்தால் உள்ளே சுற்று நின்றுவிடும். வண்டி ஓடும்போது கேஸ் எரிக்கக்கூடாது. 12 வோல்ட்டில் போட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரே இடத்தில் கூடாரம் போட்டுப் பத்து நாள் உட்காருகிறவர்களுக்கு அது பொருந்தும். தினம் வண்டி ஓட்டுகிற உங்களுக்கு வேண்டாம்.

ஆக நடுப்படம், கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். வீட்டு ஃபிரிட்ஜ் போலவேதான், 12 வோல்ட்டில் ஓடும்படி சின்னதாகச் செய்தது. வெளியே 40 டிகிரி இருந்தாலும் உள்ளே மைனஸ் 18 வரை கொண்டுபோகும். 30 டிகிரி சரிவில் நின்றாலும் ஓடும். கடையில் கேட்கும்போது எத்தனை பாட்டில் பிடிக்கும் என்று கேட்காதே, உள்ளே யாருடைய கம்ப்ரஸர் என்று கேள். நான் எப்போதும் சொல்கிற டான்ஃபாஸ் கம்ப்ரஸர் என்பது பழைய பேர். 2010-இல் அந்தப் பிரிவை விற்றபிறகு அதே கம்ப்ரஸர் செகாப் என்ற பேரில் வருகிறது. எங்கெல்ஸ் என்று மாப்பிள்ளை சொன்ன ஃபிரிட்ஜின் சரியான பேர் எங்கெல். அதில் ஜப்பானின் சவாஃபுஜி செய்கிற ஸ்விங் மோட்டார் இருக்கும். பிஸ்டன் ஒன்றுதான் அசையும் என்பதால் அதிர்கிற பாதைக்கு நல்லது. வேறு பேர் சொன்னால், உதிரி பாகம் பெர்த்தில் கிடைக்குமா, எத்தனை வருஷம் வாரண்டி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

இனிமேல் சொல்வதை மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "கேஸ் போச்சு அண்ணாச்சி, நிரப்பிக் குடுங்க" என்றுதான் வருவார்கள். நான் கேஸைத் தொடுவதற்கு முன்னால் மீட்டரை எடுத்து வோல்டேஜ் பார்ப்பேன். பல தடவை ஃபிரிட்ஜில் குறை இருக்காது. சன்ன வயரில் இழுத்த எக்ஸ்டென்ஷன்தான் குறை. வண்டியில் இது இன்னும் மோசம். வீட்டில் 230-இல் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12-இல் ஒரு வோல்ட் போனால் ஃபிரிட்ஜ் நின்றுவிடும்.

கணக்கு இதுதான். ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் என்று வை. முன்னால் பேட்டரியிலிருந்து பின்கதவு வரை 5 மீட்டர். போக 5, வர 5. சிகரெட் லைட்டர் பாயிண்டுக்குப் போவதுபோல 0.75 ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு, சதுர மி.மீ.) வயராக இருந்தால் வழியிலேயே சுமார் 0.9 வோல்ட் போய்விடும். 6 ஸ்கொயர் போட்டால் 0.1 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் போகும். பேட்டரியில் 12.4 இருக்கிறது, ஆனால் சன்ன வயரில் ஃபிரிட்ஜுக்குக் கிடைப்பது 11.5. பேட்டரி ஒரேயடியாக இறங்கிவிடாமல் காப்பாற்ற, வோல்டேஜ் குறைந்தால் தானே நிற்கும்படி ஃபிரிட்ஜுக்குள் ஒரு கட்-ஆஃப் வைத்திருப்பார்கள். 'ஹை'யில் வைத்தால் 11.8 அளவில் நிறுத்திவிடும். நின்றதும் கரண்ட் ஓடாததால் வோல்டேஜ் ஏறும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். ராத்திரி முழுக்க விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், காலையில் கறி இளகியிருக்கும். ஃபிரிட்ஜ் மட்டம் என்று திட்டுவோம், குறை வயரில் இருக்கும்.

அங்கே வயர் வாங்கும்போது இன்னொன்றையும் பார். நம் ஊரில் 6 ஸ்கொயர் என்றால் செம்பின் அளவு. அங்கே வண்டி வயரில் '6 மி.மீ.' என்று போட்டிருப்பது மேலே உள்ள பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்த தடிமன். உள்ளே செம்பு ஏறக்குறைய 4.6 ஸ்கொயர்தான். போன தடவை உன் வீட்டு கராஜில் கிடந்த சுருளை வெட்டிப் பார்த்துத்தான் எனக்கே இது தெரிந்தது. செம்பு எத்தனை ஸ்கொயர் என்று கேட்டு வாங்குங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சிகரெட் லைட்டர் பிளக் வேண்டவே வேண்டாம். அலை அலையாய் மேடுபள்ளமாக இருக்கிற கருகேஷன் பாதையில் பத்து கிலோமீட்டரில் தானாக வெளியே வந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டோம். இறுகப் பிடித்துக்கொள்கிற ஆண்டர்சன் பிளக் போடுங்கள். எல்லாம் மாட்டியபிறகு, கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரியில் ஒரு தடவை, ஃபிரிட்ஜ் பிளக்கில் ஒரு தடவை மீட்டரை வைத்துப் பார்த்து இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு.

வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரியில் ஃபிரிட்ஜை மாட்டாதீர்கள். கரிஜினியில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் அப்படி மாட்டிவைத்து, காலையில் வண்டி கிளம்பாமல் நின்றாரே. மாப்பிள்ளை கேபிள் கொடுத்ததால் தப்பித்தார். கிப் ரோட்டில் கேபிள் கொடுக்க ஆள் வர எத்தனை நேரம் ஆகுமோ. தனியாக 100 ஆம்பியர்-அவர் லித்தியம் ஒன்று, வண்டி ஓடும்போது அதை நிரப்ப டிசி-டிசி சார்ஜர் ஒன்று. இந்த அளவு ஃபிரிட்ஜ் கிம்பர்லி ஜூலை வெயிலில் நாளைக்கு 40 ஆம்பியர்-அவர் சாப்பிடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாள் ஒரே இடத்தில் தங்கலாம். பழைய மாதிரி ஏஜிஎம் என்கிற ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, ஒரு நாளைக்குத்தான் தாங்கும். 160 வாட் சோலார் தகடு ஒன்று இருந்தால் கவலையே இல்லை. வண்டி நிழலில் நிற்கட்டும், தகடு மட்டும் வெயிலில் கிடக்கட்டும். அதற்கும் தடித்த வயர்தான்.

நீ ஆசைப்படுவது 95 லிட்டர், இரண்டு அறை உள்ளது. என் பேச்சைக் கேட்டால் 60 லிட்டர், ஒரே அறை. அரிசி, பருப்பு, பொடி, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு எதுவும் குளிர் கேட்பதில்லை. டெட்ரா பாலும் பிரிக்கும்வரை வெளியே இருக்கும். குளிர் வேண்டியது மாவு, தயிர், கறி, கொஞ்சம் காய். கறியைக் காற்றில்லாமல் பாக்கெட் போட்டு வாங்கிக்கொண்டால் ஐந்தாறு நாள் உறையாமலேயே இருக்கும். ப்ரூமிலும் டெர்பியிலும் பெரிய கடைகள் இருக்கின்றன. 95 லிட்டர் நிரம்பினால் 70 கிலோவுக்கு மேல் போகும். பின்கதவைத் திறந்து அதன்மேல் குனிந்து எடுக்கப்போகிறவள் நீ. கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டுக் கரண்டில் போட்டுக் குளிரவைத்து, குளிர்ந்த சாமானையே உள்ளே வை. சூடான தண்ணீர்ப் பாட்டிலை வண்டி பேட்டரியில் குளிரவைப்பது வீண்.

சுற்றிலும் காற்றுப் போக இடம் விடு. வெப்பத்தை வெளியே தள்ளுகிற சன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் படுக்கையைத் திணிக்காதே. அந்தச் சிவப்புத் தூசி நம் தேரி மணல் மாதிரி எங்கும் ஏறும்; இரண்டு நாளைக்கு ஒரு தடவை பிரஷ்ஷால் தட்டிவிடு. தரையில் உள்ள கொக்கிகளில் பெல்ட் போட்டு நாலு மூலையும் இறுக்கிக் கட்டுங்கள். பேரன் அதற்கு முன்னால் இருக்கிற சீட்டில்தான் உட்காருவான்.

இன்சுலின் விஷயம். திறக்காத பேனா 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும், உருக்கி மறுபடி போடக்கூடாது. இந்த ஃபிரிட்ஜில் குளிர்க்குழாய் பக்கச் சுவருக்குள் ஓடுகிறது. எண் 3 என்று காட்டும்போதே சுவரை ஒட்டியது உறைந்துபோகலாம். கம்ப்ரஸருக்கு மேலே படிபோல ஒரு சின்ன இடம் இருக்கும், அதுதான் பெட்டியிலேயே குளிர் குறைந்த இடம். சின்ன டப்பாவில் துண்டு சுற்றி அங்கே வை. வாங்கியதும் வீட்டிலேயே இரண்டு ராத்திரி ஓடவிட்டு, அந்த டப்பாவுக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார். இன்சுலின் முழுவதையும் அந்த ஃபிரிட்ஜை நம்பி விடாதே. பயன்பாட்டில் இருக்கிற பேனாவுக்கு, தண்ணீரில் நனைத்து வைக்கிற பை ஒன்று வாங்கு. முதல் தடவை நாங்கள் வந்தபோது கூல்கார்டி கூட்டிப்போனாயே, அங்கே 1890களில் தங்கம் தேடி வந்தவர்கள் ஈரச் சாக்கு சுற்றிய அலமாரியில் வெண்ணெயும் கறியும் வைத்துக் காத்தார்கள். மெக்கார்மிக் என்பவர் செய்தது. நம் வெட்டிவேர்த் தட்டியும் மண்பானையும் செய்கிற அதே வேலை. இந்தப் பையும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெயிலிலிருந்து காக்கும், கரண்டும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் டேப் எடுத்து மூன்று அளவு எடுத்து அனுப்பு. பின்கதவு திறந்தபிறகு உள்ளே கிடைக்கிற அகலம். தரையிலிருந்து கூரை வரை உயரம். மூடியைத் திறக்க மேலே இடம் வேண்டும். மூன்றாவது, வெளியே இழுக்கிற சறுக்குப் பலகையில் ஃபிரிட்ஜை வைத்தால் அதன் வாய் உன் இடுப்புக்கு வருகிறதா, நெஞ்சுக்கு வருகிறதா என்பது. நெஞ்சுக்கு வந்தால் அம்மாவுக்கு எட்டாது, கீழே இறங்குகிற வகைச் சறுக்கு பார்க்க வேண்டும்.

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். மாவுத் தூக்கு மூடியோடு 24 சென்டிமீட்டர் உயரமாம், அது ஃபிரிட்ஜின் கூடைக்குள் நிமிர்ந்து நிற்குமா என்று கேட்கச் சொல்கிறாள். முக்கால் தூக்குதான் ஊற்ற வேண்டும், குலுங்கினால் பொங்கும் என்றும் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா