கீறல் இல்லை என்பதே தரமாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ப்ளூ-ரே, டிவிடி வடிவில் வெளிவரும் மௌனப் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மதிப்புரைகளைப் படித்தேன். இப்படங்களுக்கு ஒரு நாளிதழ் இடம் ஒதுக்குவதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அம்மதிப்புரைகள் எல்லாவற்றிலும் கீறல் இல்லை, நேற்று எடுத்த படம்போல் பளிச்சென்று இருக்கிறது என்பவையே பாராட்டுக்குரிய காரணங்களாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கண்டு இதை எழுதுகிறேன். மீட்டெடுக்கப்பட்ட, அதாவது எஞ்சிய பழைய பிரதிகளிலிருந்து சீர்செய்து உருவாக்கிய, மௌனப் படம் ஒன்றின் தரத்தை அறிய, அது எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்றும், அந்தப் பிரதியில் இருந்தது எவ்வளவு நேர்மையாகத் திரைக்கு வந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பளபளப்பை வைத்து எடைபோட்டால் மோசமான வேலை முதலிடம் பெறவும் கூடும்.

அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியானபோது இருந்த வடிவிலேயே எஞ்சியிருப்பவை சுமார் 14 சதவீதம்தான் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. எஞ்சியவற்றிலும் படப்பிடிப்பின்போது கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் கிடைப்பது அரிது. பெரும்பாலும் அகப்படுபவை திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரிண்டுகள், அவற்றின் நகல்கள், நகலுக்கும் நகல்கள். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் கருப்பு மேலும் கருத்து, வெள்ளை மேலும் வெளுத்து, இடைப்பட்ட சாம்பல் சாயைகள் காணாமல் போகின்றன; வெள்ளைச் சட்டையின் மடிப்பும் வானத்து மேகமும் முதலில் மறைபவை. அப்படி மறைந்ததை எந்த ஸ்கேனரும் மீட்டுத் தராது. ஆகவே உறையின்மேல் ‘4கே’ என்று உயர் துல்லிய அளவை அச்சிட்டிருப்பது ஸ்கேன் செய்த விதத்தைச் சொல்கிறதே தவிர, பிரதியின் தரத்தைச் சொல்வதில்லை. ‘டாக்டர் கலிகாரி’ (1920) என்ற ஜெர்மன் படத்தின் 2014-ஆம் ஆண்டு மீட்டெடுப்பு மூல நெகட்டிவை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் அந்த நெகட்டிவின் முதல் ரீல் கிடைக்காததால் அப்பகுதியைப் பிற பிரிண்டுகளிலிருந்து எடுக்க நேர்ந்தது. ஒரே படத்துக்குள் இப்படித் தரம் மாறுவதைக் குறையாகக் கணக்கிடுவது நியாயமாகாது.

இதற்குப் பெரிய சான்று ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’. 1927-இல் பெர்லினில் முதன்முதலாகத் திரையிட்ட சில மாதங்களுக்குள் வெட்டிச் சுருக்கப்பட்ட அப்படத்தின் ஏறக்குறைய முழுமையான பிரதி, 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் அடையாளம் காணப்பட்டது. அது அகலம் குறைந்த 16 மி.மீ. படச்சுருளில் எடுத்த நகல். திரையரங்கில் ஓடித் தேய்ந்துபோன 35 மி.மீ. பிரிண்டைச் சுருக்கி எடுத்த நகல் என்பதால், பழைய பிரிண்டின் கீறல்கள் அழுக்காக மேலே படிந்திருக்கவில்லை. பிம்பத்தோடு பிம்பமாகவே பதிந்துவிட்டிருந்தன. 2010-இல் வெளிவந்த மீட்டெடுப்பில் அந்தச் சுமார் 25 நிமிடக் காட்சிகள் மழை பெய்வதுபோல் கோடுகளுடன்தான் இருக்கின்றன. நகலெடுத்தபோது வெட்டுண்ட ஓரங்கள் கருப்புப் பட்டைகளாக விடப்பட்டிருக்கின்றன. காட்சிகளைப் பெரிதாக்கிப் படச்சட்டத்தை நிரப்பியிருக்கலாம். நிரப்பாமல் விட்டதால் எது எங்கிருந்து வந்தது என்பது பார்ப்பவருக்கு நொடியில் விளங்குகிறது. காட்சிகளை வரிசைப்படுத்தவும் ஊகத்தை மட்டும் நம்பாமல், இசையமைப்பாளர் காட்ஃபிரீட் ஹப்பெர்ட்ஸ் இப்படத்துக்காக அன்று எழுதிய இசைக் குறிப்பேட்டைத் துணைகொண்டார்கள். கீறலை அளவுகோலாகக் கொண்டால் இந்தப் படம் தோற்றுப்போகும். என் மதிப்பில் இது முதல் வரிசையில் வைக்க வேண்டிய வேலை.

மாறாக, கணினி வழியே தூய்மைப்படுத்தும்போது நேரும் சேதம் எளிதில் கண்ணில் படுவதில்லை. படச்சுருளின் பிம்பமே வெள்ளித் துகள்களால் ஆனது. கிரெய்ன் என்று நாம் சொல்லும் அந்தப் பொரிப்பொரியான அசைவு பிம்பத்தின் உடம்பு. அதைத் துடைத்தால் அதனுடன் தோலின் நுண்மையும் துணியின் நெசவும் போய், முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிடும். சோதிக்க விரும்புவோர், நடிகர் அசையும்போது அவருக்குப் பின்னாலுள்ள வெற்றுச் சுவரைப் பார்க்கலாம். நல்ல பிரதியில் சுவரின்மேல் கிரெய்ன் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். அளவு மீறிச் சுத்தம் செய்ததில் சுவர் உறைந்து நிற்க, அசையும் கையைச் சுற்றி மட்டும் புகைமூட்டம்போல் ஏதோ கலங்கும். ஒரே ஒரு ஃபிரேமில், அதாவது சுருளின் ஒரு தனிப் படத்தில், தோன்றி மறைவதையெல்லாம் தூசி என்று எண்ணும் மென்பொருள், தீப்பொறியையும் மழைத்துளியையும் சேர்த்து விழுங்கிவிடுவதும் உண்டு.

அடுத்தது வேகம். மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு 16, 18, 20, 22 ஃபிரேம்கள் என்று படத்துக்குப் படம் வேகம் மாறியது, திரையிடுபவர் அதைவிட விரைவாக ஓட்டுவதும் வழக்கமாக இருந்தது. ஆகவே சரியான வேகம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாத படங்கள் பல உள்ளன. டென்மார்க் இயக்குநர் தியோடர் டிரையரின் ‘தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) படத்தை 2012-இல் பிரிட்டனில் ப்ளூ-ரேயாக வெளியிட்டவர்கள், நொடிக்கு 20 ஃபிரேம், 24 ஃபிரேம் என இரண்டு வேகங்களிலும் முழுப் படத்தையும் தந்து, தீர்ப்பைப் பார்வையாளரிடமே விட்டார்கள்.

20 ஃபிரேம் வேகத்தில் ஓட வேண்டிய படத்தை 24 ஃபிரேம் ஓடும் வட்டில் ஏற்றும்போது, ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்டுவது நேரான வழி. படத்தை நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்: ஆறில் ஒன்று அசையாமல் நின்றால் பழுதில்லை. நடந்து போகிறவருக்கு நான்கு கால்கள் தெரிந்தால், அதாவது முன் ஃபிரேமும் பின் ஃபிரேமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குழைந்து கிடந்தால், நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று வகுத்த ஒரு தொலைக்காட்சி முறைக்காகத் தயாரித்த மாஸ்டரை (வட்டுகளுக்கான மூலப் பதிவை) வேறொரு முறைக்கு அக்கறையின்றி மாற்றியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பழைய டிவிடிகளில் இது மலிந்த குறை. இதைச் சொல்லாத மதிப்புரையைப் படித்து வாங்குபவர், அசைவு ஏன் வழுக்கிக்கொண்டே போகிறது என்று புரியாமல் மௌனப் படங்களே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்.

நிறத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மௌனப் படங்களில் பெரும்பாலானவை வெறும் கருப்பு வெள்ளையாகத் திரையிடப்படவில்லை. இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு என்று பிரிண்டுகள் சாயமேற்றப்பட்டன. ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) படத்தில் இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகலில் எடுத்து நீலச் சாயத்தால்தான் இரவாக்கினார்கள். சாயமில்லாத பிரதியில், சூரிய ஒளி பட்டால் அழிந்துபோக வேண்டிய இரத்தக் காட்டேரி, சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு பட்டப்பகலில் நிதானமாக ஊருக்குள் நடக்கிறது! ஆகவே நிறத்தைக் கண்டதும் ‘வண்ணம் பூசிக் கெடுத்துவிட்டார்கள்’ என்று எழுதுவது பொருந்தாது. அந்த நிறம் பழைய சாயப் பிரிண்டைப் பார்த்து இட்டதா, மனம்போனபடி இட்டதா என்பதே கேள்வி. சாயத்தில் தோய்த்த பிரிண்டில் வெளிச்சப் பகுதிகள் நிறமேறும், கருப்பு கருப்பாகவே நிற்கும். நிழலெல்லாம் நீலமாகக் கசிந்திருந்தால், அது சாயம் அறியாதவர் கணினியில் செய்த வேலையாக இருக்கலாம்.

படச்சட்டத்தின் அளவைப் பற்றி ஒன்று மட்டும்: மௌனப் படத்தைப் பிற்காலத்தில் ஒலித்தடம் கொண்ட சுருளில் நகலெடுத்தபோது, அத்தடத்துக்காக இடப்பக்கம் ஒரு பட்டை வெட்டுப்பட்டது, டைட்டில் கார்டின் (வசனமும் விளக்கமும் எழுதிக் காட்டும் அட்டையின்) எழுத்துகள் இடது ஓரத்தை ஒட்டி நின்றால் ஐயப்படலாம். இசையோ ரசனை சார்ந்தது. ‘ஷிராஸ்’ (1928) படத்தின் 2017-ஆம் ஆண்டு மீட்டெடுப்புக்கு சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கர் புதிதாக இசையமைத்ததுபோல், புதிய இசையும் நன்றாக அமையக்கூடும். பின்னணி இசைப் பிடிக்காததற்காக மீட்டெடுப்புக்கு மதிப்பெண் குறைப்பது மட்டும் வேண்டாம்.

தங்கள் மதிப்புரையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நட்சத்திரக் குறிகளுக்கு ஒதுக்கும் இடத்தில் மூலப் பிரதி எது, என்ன வேகம், சாயத்துக்கு ஆதாரம் உண்டா, புதிதாக எழுதிச் சேர்த்த டைட்டில் கார்டுகளுக்கு அடையாளம் இட்டிருக்கிறார்களா என்ற விவரங்களைத் தர வேண்டும். பொறுப்புள்ள வெளியீட்டாளர்கள் இவற்றை வட்டின் தொடக்கத்திலோ உடன்வரும் கையேட்டிலோ அச்சிட்டுவிடுகிறார்கள். மதிப்புரையாளர் எடுத்தெழுதினால் போதும். எந்த விவரமும் தராமல் ‘முற்றிலும் மீட்டெடுக்கப்பட்டது’ என்று மட்டும் உறையில் போட்டு விற்பவர்களின் வெளியீடு என்றால், விவரம் தரப்படவில்லை என்பதையே மதிப்புரையின் முதல் வரியாக எழுதலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்