4-1 என்று மட்டும் அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால்பந்துக் கோப்பைப் போட்டிகளின் முடிவைப் போடும்போது கோல் அடித்தவர் பெயரும் நிமிடமும் தருகிறீர்கள். மாற்று ஆட்டக்காரர்கள் எந்த நிமிடத்தில் இறங்கினார்கள் என்று போடுவதில்லை. ஒரே ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவுதான். அந்த வரி இல்லாமல் ஓர் ஆட்டம் எவ்வளவு தப்பாகப் பதிவாகிறது என்பதற்கு ஐரோப்பிய கிளப்புகளின் கோப்பையான சாம்பியன்ஸ் லீகின் 2014 இறுதிப் போட்டியைப் பாருங்கள்.

மே 24, லிஸ்பன். ரியல் மாட்ரிட் 4, அத்லெடிகோ மாட்ரிட் 1. ஒரே ஊரின் இரண்டு கிளப்புகள் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் மோதியது அதுவே முதல் முறை. இன்று ஸ்கோரைப் பார்க்கிறவர் ரியல் ஊதித் தள்ளிவிட்டது என்றுதான் நினைப்பார். ஆனால் 90 நிமிடம் முடிந்தபோது 1-0 என்று முன்னால் நின்றது அத்லெடிகோ.

கதை 9வது நிமிடத்தில் தொடங்குகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பு பார்சிலோனாவுடன் ஆடி அத்லெடிகோ ஸ்பெயின் லீக் பட்டம் வென்ற ஆட்டத்திலேயே அதன் முன்கள வீரர் டியேகோ கோஸ்டாவுக்குத் தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொண்டது. அந்தத் தசை ஒரு வாரத்தில் தேறுவது அபூர்வம். நடந்தால் வலிக்காது, மெதுவாக ஓடினாலும் வலிக்காது. முழு வேகத்தில் ஓடும்போது முன்னே வீசிய காலைத் தரையில் ஊன்றும் முன், அந்தத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்க வேண்டும். ஆறாத இடம் அப்போதுதான் கைவிடும். அப்படிப்பட்டவரை முதல் பதினொருவரில் இறக்கினார் அத்லெடிகோ பயிற்சியாளர் சிமியோனே. 9வது நிமிடத்தில் கோஸ்டா வெளியே, அட்ரியான் உள்ளே. முடிவு தன்னுடையது, தவறும் தன்னுடையது என்று ஆட்டம் முடிந்ததும் சிமியோனேவே ஒப்புக்கொண்டார்.

அன்றைய விதிப்படி ஓர் அணிக்கு மொத்தம் 3 மாற்றம். ஆட்டம் 120 நிமிடம் போனாலும் அதே 3தான். அதில் ஒன்று 9 நிமிடத்திலேயே கரைந்துவிட்டது.

36வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வெளியே வந்த பந்தை அத்லெடிகோவின் ஹுவான்ஃபிரான் தலையால் திருப்பி அனுப்ப, ரியல் கோல்கீப்பர் கசியாஸ் கோல் கோட்டை விட்டு முன்னே வந்துவிட்டார். அத்லெடிகோவின் கோடின் முட்டிய பந்து அவர் தலைக்கு மேலே வளைந்து போனது. பின்னால் ஓடிக் கையால் தட்டிவிட்டார். ஆனால் பந்து அதற்குள் கோட்டைத் தாண்டியிருந்தது.

அதன்பின் ரியல் பயிற்சியாளர் அன்செலோட்டி 59வது நிமிடத்தில் இஸ்கோவையும் மார்செலோவையும் ஒன்றாக இறக்கினார், 79ல் மொராட்டாவை. மூன்றுமே தாக்குதலுக்காக அவரே நேரம் பார்த்துச் செய்தவை. சிமியோனே 66ல் சோசாவையும், 83ல் ஃபிலிப்பே லூயிஸுக்குப் பதிலாக ஆல்டர்வெய்ரல்டையும் இறக்கியதோடு கை காலியானது. 92 நிமிடம் 48 வினாடியில் ரியலின் மோட்ரிச் கார்னர் அடிக்க, ராமோஸ் ஓடி வந்து எகிறி முட்டினார்; 1-1 ஆனது. ஓடி வந்து எகிறுகிறவரை நின்ற இடத்திலிருந்து எகிறி மடக்குவது பெரும்பாடு. அதுவும் 90 நிமிடம் ஓடிக் களைத்த கால்களால்! 1974லும் இதே கோப்பையை அத்லெடிகோ 120வது நிமிட கோலால் நழுவவிட்டு, மறு ஆட்டத்தில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிடம் 4-0 என்று தோற்றது. அந்த ரசிகர்களுக்கு இது இரண்டாவது இடி.

கூடுதல் நேரத்தில் ஹுவான்ஃபிரான் நொண்டிக்கொண்டிருந்தார். அவரை மாற்ற வழியில்லை. 110வது நிமிடத்தில் ரியலின் டி மரியா அந்தப் பக்கமாகத்தான் புகுந்தார். அத்லெடிகோ கோல்கீப்பர் கூர்துவா காலால் தடுத்த பந்து மேலெழும்பி வர, பேல் தலையால் உள்ளே தள்ளினார். பிறகு 118ல் மார்செலோ, 120ல் பெனால்டியில் ரொனால்டோ. கடைசி மூன்று கோல்களும் பத்தே நிமிடத்தில் விழுந்தவை.

இரண்டு ஆண்டு கழித்து மிலானில் இதே இரு அணிகள் மீண்டும் இறுதியில் சந்தித்தன. இந்த முறை ரியல் 77 நிமிடத்துக்குள் மூன்று மாற்றங்களையும் தீர்த்துவிட்டது. சிமியோனே இரண்டைக் கூடுதல் நேரம் வரை கையில் வைத்திருந்தார். பெனால்டியில் தோற்றார் என்பது வேறு விஷயம், ஆனால் லிஸ்பனில் பட்ட அடியை அவர் மறக்கவில்லை. 1-1, பெனால்டி 5-3 என்ற வரியில் இதற்கு இடமே இல்லை.

இன்றோ 5 மாற்றம், கூடுதல் நேரத்துக்கு இன்னொன்று. அதனால் மாற்றங்களின் நேரம் முன்னைவிட முக்கியமாகிவிட்டது. உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கோல் விவரத்துக்குக் கீழே, சிறிய எழுத்திலாவது, இறங்கியவர் பெயரை முதலிலும் வெளியேறியவர் பெயரை அடைப்புக்குறிக்குள் நிமிடத்தோடும் இப்படிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்:

அத்லெடிகோ மாற்றம்: அட்ரியான் (கோஸ்டா, 9), சோசா (ரவுல் கார்சியா, 66), ஆல்டர்வெய்ரல்டு (ஃபிலிப்பே லூயிஸ், 83).

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்