செயலாளர் ஆண்டறிக்கை: காட்டு வரைபடம் எந்த அளவில் இருக்கிறது

பெரியவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சாலை மனு போன வருடம் இருந்த மேசையிலேயே இருக்கிறது. நேராக வரைபட வேலைக்கு வருகிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில், நம் சோளகர் சொந்தங்கள் சாமி இடங்களை ஜிபிஎஸ் வைத்துக் குறித்தார்கள். 2011இல் சமுதாய வன உரிமையும் வாங்கினார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி சமுதாயக் காட்டு வளத்துக்கு உரிமை கேட்கும் படிவம் 'சி'யை நாமும் வரைபடத்தோடு கொடுக்க வேண்டும். நம் காடு 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. எல்லையில் மழுப்ப முடியாது.

நடந்து குறித்ததில் சிரமமில்லை. கணினியில் ஏற்றும்போதுதான் மாட்டிக்கொண்டோம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தரகு நெருப்புக்கு, அதாவது தரைச் சருகை எரிக்க நம்மவர்கள் வைத்துவந்த சிறு தீக்கு, அட்டவணை போட்டோம். 'எப்போது' என்ற கட்டம் தேதி கேட்டது. பெரியவர் சொன்னதோ, "மேல் சருகு காஞ்சு, அடிச்சருகுல ஈரம் இருக்கையில." கட்டம் அதை வாங்கவில்லை. நம் பையன் அவசரத்தில் ஜனவரி 15 என்று அடித்துவிட்டான். மழை முன்னே பின்னே போனாலும் ஜனவரி 15தான்!

அந்த நெருப்பு நின்றபின்தான் உண்ணிச்செடி ஏறியது, நெல்லியில் புல்லுருவி பெருகியது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பிலிகிரியில் ஆய்வாளர்களும் இதை எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு ஓர் அதிகாரி நம் தேதியைப் பிடித்துக்கொண்டு காய்ந்த காட்டில் தீ வைத்தால்? தேதிக் கட்டத்தை எடுத்துவிட்டோம். பெரியவரின் ஒலிப்பதிவையே அந்த இடத்தோடு இணைத்திருக்கிறோம். வரிசைப்படுத்த முடியாது, பரவாயில்லை.

அப்புறம் மாரம்மா சாமி இருக்கும் இடங்கள். ஒரு பாறைக்கு முன்னால் பாட்டி செருப்பைக் கழற்றச் சொன்னார், செல்போனையும் அணைக்கச் சொன்னார். அணைத்தோம். அதைப் புள்ளியாகக் குறிக்கவில்லை. எல்லைக்கோட்டை மட்டும் அதற்கு வெளியே சுற்றிக் கொண்டுபோனோம். மற்ற சில இடங்களைக் குறிக்க விட்டார், நமக்கு மட்டும் என்று.

ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற மென்பொருளில், யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமுதாயமே முடிவு செய்கிறது. முகுர்ட்டு என்றால் புனிதப் பொருட்களைப் பத்திரமாக வைக்கும் பையாம். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. அந்த இடங்களைத் தனி அடுக்காகப் பிரித்து, படிவத்தோடு அனுப்பாமல் ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன்.

அது யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பொதுக்குழு இன்றே சொல்ல வேண்டும். பாட்டியும் வந்திருக்கிறார்.