சர்ச்சிலில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கதைத்ததிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, சனம் நல்லது, ஆனால் சர்ச்சில் துறைமுகத்தில் நிற்கும் அந்தக் கொங்கிறீட் தானியக் கட்டடத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை என்றாய். "ஊர் முழுவதையும் அதற்குள் வைத்துப் பூட்டலாம் அப்பா. ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. இடித்தால் என்ன?" என்று கேட்டாய். நான் "ம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். கோபமில்லை. அந்தக் கட்டடத்துக்குள் நான் ஒரு பருவம் வேலை செய்தவன் என்பதை இத்தனை வருஷத்தில் உனக்குச் சொன்னதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

1990. நாங்கள் வின்னிபெக்குக்கு வந்து இரண்டு வருஷம். அம்மாவின் வயிற்றில் நீ. நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வடக்கே எலிவேட்டரில் மூன்று மாதத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், தங்க இடமும் உண்டு என்று கூட வேலை செய்தவர் சொன்னார். எலிவேட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது லிஃப்ட்தான். ஏதோ பெரிய ஹோட்டலில் லிஃப்ட் இயக்கும் வேலை என்று நினைத்து, இரண்டு காற்சட்டையை அயர்ன் பண்ணி மடித்துக்கொண்டு போனேன். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சொல்லமாட்டாள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

வின்னிபெக்கிலிருந்து கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சிலுக்கு ரயிலில் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவு. நீ விமானத்தில் போனதால் அந்தப் பாதையைப் பார்க்கவில்லை. போகப்போக மரங்கள் குட்டையாகும். கடைசியில் சவண்டு போய், ஒரு பக்கம் மட்டும் கிளை வைத்த குச்சிகள். தண்டவாளத்தை ஒட்டித் தந்திக் கம்பங்கள் மும்மூன்றாக, மேலே கட்டிய முக்காலி மாதிரி நின்றன. ஒற்றைக் கம்பத்தை நட்டால் அந்த நிலம் வைத்திருக்காது. மேலே சதுப்பு, கீழே வருஷம் முழுவதும் உறைந்த மண், உறைவதும் இளகுவதுமாகக் கம்பத்தைத் துப்பிவிடும். அதே நிலத்தின் மேல்தான் தண்டவாளமும் கிடக்கிறது. அதனால்தான் ரயில் அங்கே ஊருகிறது. மற்ற இடங்களிலெல்லாம் கனமான புதிய வண்டிகளில் தானியம் போய்க்கொண்டிருந்த காலத்தில், சர்ச்சிலுக்கு மட்டும் பழைய மூடிய பெட்டிகள் வந்துகொண்டிருந்ததற்கும் அந்த நிலம்தான் காரணம். பாரம் தாங்காது.

இறங்கிப் பார்த்தால் ஹோட்டலும் இல்லை, லிஃப்டும் இல்லை. ஒரு விளக்குமாறும் ஒரு சவளும் தந்தார்கள்.

ஆனால் லிஃப்ட் என்று நான் நினைத்தது முழுப் பிழையும் இல்லை. ரயில்பெட்டியில் வரும் கோதுமை முதலில் நிலத்துக்குக் கீழே உள்ள குழியில் கொட்டும். அங்கிருந்து ஒரு நீளமான பட்டி, அதில் வரிசையாக வாளிகள். நம் ஊர்த் துலாவை ஒன்றன்மேல் ஒன்றாக நூறு கட்டி ஓடவிட்டதாக நினைத்துக்கொள். அது தானியத்தை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும். அதற்குத்தான் அந்தப் பெயர். உச்சியில் நிறுத்து, பிறகு கீழே விட்டால் தன் பாரத்திலேயே வழிந்து வேண்டிய கிணற்றில் போய் விழும். ஆமாம், உள்ளே எல்லாம் கிணறுகள்தான், கொங்கிறீட்டில் கட்டி நிமிர்த்திய கிணறுகள். சுத்தப்படுத்த வேண்டுமானால் மறுபடி ஏற்றி மறுபடி விழுத்துவார்கள். கப்பல் வந்ததும் பட்டிமேல் ஓடவிட்டு, துறைமேடைக்கு மேலே போகும் மூடிய பாதை வழியாக, குழாயால் கப்பலின் வயிற்றில் இறக்குவார்கள். ஏற்றுவதற்கு ஒரு தடவை செலவழித்தால் போதும், மிச்ச வேலையைப் பூமி பார்த்துக்கொள்ளும். 1842-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி நீராவியால் ஓடும் முதல் எலிவேட்டரைக் கட்டினார். அதுவரை முதுகில் சுமந்தார்கள்.

என் வேலை தூசி கூட்டுவது. முதல் நாள் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. படித்த படிப்பு என்ன, இது என்ன என்று. பிறகுதான் மேற்பார்வையாளர் விளக்கினார்: தானியத் தூசி காற்றில் அடர்த்தியாக மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிமருந்து மாதிரி வெடிக்கும், எலிவேட்டர்கள் அப்படி வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். தீப்பெட்டி உள்ளே கொண்டுபோகவே கூடாது. அதற்குப் பிறகு நான் ஒரு மூலையையும் விட்டதில்லை. இரவு படுத்தால் மூக்கில், காதில், தலையணையில் எல்லாம் கோதுமை மணம்.

சரி, இவ்வளவு பெரிய பண்டகசாலையை யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? நானும் அதைத்தான் கேட்டேன். மேற்குச் சமவெளியில் கோதுமை விதைத்தவர்களின் பிடிவாதம் அது. அவர்களுடைய கோதுமை பெரிய ஏரிகள் வழியாக, கிழக்கின் ரயில் கம்பெனிகளுக்கும் வியாபாரிகளுக்கும் கப்பம் கட்டிக் கட்டித்தான் கடலுக்குப் போனது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஹட்சன் விரிகுடா வடக்கிலிருந்து நாட்டின் நடுவயிறு வரை வெட்டிக்கொண்டு வருகிறது. சர்ச்சிலிலிருந்து லிவர்பூலுக்கு உள்ள கடல்தூரமும் மொன்றியலிலிருந்து உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படியானால் ரயிலை அங்கே விடுங்கள் என்று பல பத்து வருஷம் தலைநகர் ஒட்டாவாவை அரித்தார்கள்.

அரசாங்கம் முதலில் தேர்ந்தெடுத்த இடம் சர்ச்சில் இல்லை, தெற்கே நெல்சன் ஆற்றின் வாய். முதல் உலகப் போர் காலத்தில் அங்கே பணத்தைக் கொட்டி, ஆற்றுக்குள் ஒரு செயற்கைத் தீவும் அதற்குப் போக இரும்புப் பாலமும் கட்டினார்கள். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. போரும் சேர்ந்துகொள்ள, அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். அந்தத் தீவு ஒரு கப்பலுக்கும் உதவாமல் இன்னும் அங்கே கிடக்கிறது. 1927-இல் பிரடெரிக் பாமர் என்ற இங்கிலாந்துப் பொறியியலாளர் வந்து பார்த்து, சர்ச்சில்தான் சரி என்றார். அங்கே இயற்கையான ஆழத் துறை உண்டு. 1929 வசந்தத்தில் தண்டவாளம் ஊரைத் தொட்டது. 1931-இல் எலிவேட்டர் தயார். அந்தச் செப்டெம்பரில் ஃபார்ன்வொர்த், வார்க்வொர்த் என்ற இரண்டு கப்பல்கள் முதல் கோதுமையை ஏற்றிக்கொண்டு போயின.

வந்த நேரத்தைப் பார். உலகமே பொருளாதார மந்தத்தில் படுத்துக்கிடக்கிறது, கோதுமைக்கு விலையே இல்லை. அடுத்த வருஷமே பிரைட் ஃபேன் என்ற கப்பல் ஹட்சன் நீரிணையில் பனிப்பாறையில் மோதிக் கோதுமையோடு மூழ்கியது. காப்புறுதிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். யூலைக் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரைதான் கப்பல் வரும், மிச்சக் காலம் கடல் உறைந்திருக்கும். நீ ஆளே இல்லை என்றாயே, வருஷத்தில் எட்டு, ஒன்பது மாதம் சும்மா நிற்பதற்கென்றே கட்டிய கட்டடம் அது. அப்படியிருந்தும் 1950-களில் அதை இரண்டு மடங்காக்கினார்கள். 50 லட்சம் புஷல், அதாவது சுமார் 1,40,000 டன் பிடிக்கும். 1977-இல் ஒரே பருவத்தில் 8 லட்சம் டன்னுக்கு மேல் அதன் வழியாகப் போனது.

எங்கள் குழுவில் டெனே என்ற முதற்குடி மக்களைச் சேர்ந்த ஒரு வயதான மனிதர் இருந்தார். மூன்று கிழமை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் துறைமேடையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஆற்றில் வெள்ளைத் திமிங்கிலங்கள், நான் முதலில் அலை நுரை என்றுதான் நினைத்தேன். அவர் திடீரென்று, எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர், "எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பொருள் பல வருஷம் கழித்து வாசித்தபோதுதான் புரிந்தது. 1956-இல் சயீசி டெனே மக்கள், கரிபூ மான்களை அளவுக்கு மிஞ்சி வேட்டையாடுகிறார்கள் என்று பிழையாகக் கணக்குப் போட்ட அரசாங்கம், அவர்களை விமானத்தில் ஏற்றிச் சர்ச்சில் கரையில் கொண்டுவந்து விட்டது. வீடு இல்லை, வேட்டை இல்லை. குளிரிலும் தீயிலும் குடியிலும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மிஞ்சியவர்கள் 1973-இல் தாங்களாகவே டடூல் ஏரிப் பக்கம் திரும்பிப் போனார்கள். 2016-இல்தான் மத்திய அரசு மன்னிப்புக் கேட்டது. எங்களுக்கு 'இடம்பெயர்வு' என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. உன்னிடம் மருந்துக்கு வரும் முதியவர்களில் அந்தக் கரையில் வளர்ந்தவர்களும் இருக்கலாம். அவர்கள் பேசாவிட்டால் அவசரப்படுத்தாதே.

பிறகு நடந்ததெல்லாம் உனக்கு ஓரளவு தெரியும். 1997-இல் ரயிலையும் துறைமுகத்தையும் ஆம்னிட்ராக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. 2012-இல் மேற்கின் கோதுமையை விற்கக் கனடியக் கோதுமைச் சபைக்கு இருந்த தனியுரிமை போனது. எனக்குக் கேட்டால் எலிவேட்டருக்கு விழுந்த அடி அதுதான். சர்ச்சிலுக்குத் தானியம் அனுப்பியது பெரும்பாலும் அந்தச் சபை. தனியார் கம்பெனிகளுக்கு வன்கூவர், தண்டர் பே துறைமுகங்களில் சொந்த எலிவேட்டர் இருக்க, யார் இவ்வளவு தூரம் அனுப்புவார்கள்? 2016-இல் துறைமுகத்தின் கதவை மூடினார்கள். 2017 மே மாதம் வெள்ளம் வந்து தண்டவாளத்தை இருபது இடத்துக்கு மேல் அரித்தது. யார் செலவழிப்பது என்று கம்பெனியும் அரசாங்கமும் சண்டை. ஊருக்குத் தெருவும் கிடையாது, ஏறத்தாழ ஒன்றரை வருஷம் பெரும்பாலும் விமானத்தில்தான் சாமான் வந்தது. பாலின் விலையை நீ அங்கே யாரிடமாவது கேட்டுப் பார். 2018-இல்தான் கை மாறி, ரயில் மறுபடி ஓடியது. 2021-இலிருந்து முதற்குடி மக்களும் அந்தப் பாதையோர ஊர்களுமே சொந்தக்காரர்கள். அதை வாசித்த அன்று அந்தக் கிழவரை நினைத்தேன். 2024-இல் துத்தநாகத் தாது ஏற்றிய கப்பல் போயிருக்கிறது. தாதுக்கு வாளியும் கிணறும் தேவையில்லை. உன் கேள்வி அவர்களுக்கும் வந்திருக்கும்.

இடிப்பதா வைப்பதா என்பதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது வேறு. நீ பிறந்த அன்று நான் அதன் உச்சி மாடியில் தூசி கூட்டிக்கொண்டிருந்தேன். செப்டெம்பர் நடு, கப்பல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கீழே தொலைபேசி வந்திருக்கிறது என்று ஆள் அனுப்பினார்கள். இறங்கி வருவதற்குள் அம்மா களைத்து வைத்துவிட்டாள். பெண்பிள்ளை என்று பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னா. ஒரு கிழமை லீவு கேட்டேன், போனால் வேலை இல்லை என்றார்கள். வீட்டு வாடகையும் உனக்குக் குளிருடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் வரவேண்டியிருந்தது. நின்றுவிட்டேன். கடைசிக் கப்பல் போய், கரையில் கரடிகள் கடல் உறையக் காத்திருந்த கிழமை ரயிலேறினேன். உன்னை முதலில் தூக்கியபோது உனக்கு ஏழு கிழமை. என் மேலிருந்த தூசி மணத்துக்கோ என்னவோ, வீரிட்டு அழுதாய். அம்மா அதற்காக என்னோடு ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. அதனால்தான் இந்தக் கதையை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நேரம் கிடைத்தால் ஆற்றுப் பக்கமாக நின்று அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. பகலில் போ, தனியாகப் போகாதே, கரடிக் காவல்காரரிடம் கேட்டுவிட்டுப் போ. உச்சியில் வரிசையாகச் சின்ன யன்னல்கள் இருந்தன, இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டி வைத்திருக்கிறாள். தெரிந்த ஒருவர் அடுத்த கிழமை ரயிலில் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறோம். ரயில் பிந்தினால் பயப்படாதே, அது அப்படித்தான் வரும்.

அன்புடன்,
அப்பா